தூதுப்பணியும் பாதுகாப்புப் பணிகளும்: கிராமத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் வழி

(ஊராட்சி மன்றத் தலைவர்களும் உறுப்பினர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுக்குப் பின்னால் இப்படியொரு தலைப்பு அச்சாகியிருப்பதைக் கண்டு உங்களிற் சிலர் புன்னகை புரிந்ததைக் கவனித்தேன். வாய்க்காலுக்கு மதகு கேட்டால், நம் பிள்ளைகளைத் தூதராக்கப் புறப்பட்டுவிட்டாரே இந்த அதிகாரி என்று நீங்கள் எண்ணியிருத்தல் கூடும். மதகைப் பற்றிப் பிற்பகலில் பேசுவோம். அதற்கு முன் அரைமணி நேரம் எனக்குத் தாருங்கள்.

தூதர் என்றால் நமக்குத் தோன்றுவது என்ன? குளிர்சாதன மாளிகை, கழுத்துப்பட்டை, விருந்து, கைகுலுக்கல். நம் ஊர் வயல்வரப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. 2024-ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று குவைத் நாட்டில் மங்காஃப் என்னுமிடத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று தீப்பற்றியது. அத்தீயில் மாண்டவர்களுள் 45 இந்தியர்களின் உடல்களை, ஜூன் 14 அன்று, இந்திய விமானப்படை விமானம் ஒன்று கொச்சியிற் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களுள் எழுவர் தமிழ்நாட்டினர். இரண்டு நாட்களில் அது நடப்பதற்கு எத்தனை காரியங்கள் ஆக வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கருகிய உடலை இன்னாருடையது என்று உறுதி செய்ய வேண்டும்; அந்நாட்டு அரசாங்கத்தின் அனுமதி பெற வேண்டும்; ஒவ்வொருவருக்கும் இறப்புப் பத்திரம், பயணப் பத்திரம் எழுதியாக வேண்டும்; மருத்துவமனையிற் கிடப்பவர்களைப் போய்ப் பார்க்க வேண்டும்; ஊரிலிருந்து அழுதுகொண்டு தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு விடை சொல்ல வேண்டும். தூதரகம் என்று நாம் சொல்லும் இடத்தில் பணிபுரிவோரின் கடமைகள் இவை. விருந்தும் கைகுலுக்கலும் அவர்கள் வேலையில் ஒரு சிறு பங்குதான்.

உங்கள் ஊராட்சிகளில் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெரு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடலோர ஊராட்சிகளின் நிலை இன்னும் கடினம். எல்லை தாண்டினார் என்று மீனவர் பிடிபட்டால், கொழும்பிலுள்ள நம் தூதரகமும், 2010-ல் யாழ்ப்பாணத்தில் திறக்கப்பட்ட துணைத் தூதரகமுமே சிறையில் அவரைப் போய்க் காண்கின்றன. அந்த நாற்காலிகளில் நம் ஊர்ப்பேச்சு தெரிந்த ஒருவர் அமர்ந்திருந்தால் எவ்வளவு நலம் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

"இதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு, ஐயா" என்று ஒரு குரல் எழும். அக்குரலுக்கு இரண்டு பேருடைய வரலாற்றை விடையாகச் சொல்கிறேன். கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில் உழவூர் என்றொரு கிராமம். பெயரிலேயே உழவு இருக்கிறது. அங்கே ஏழை, அதிலும் தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றிற் பிறந்த கே. ஆர். நாராயணன் வயல்வரப்புகளின் வழியே நெடுந்தூரம் நடந்து பள்ளி சென்றார். சம்பளம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடங்கேட்ட நாட்களும் உண்டு. அவர் 1949-ல் இந்திய அயல்நாட்டுப் பணியிற் சேர்ந்து, தாய்லாந்து, துருக்கி, சீனம், அமெரிக்கா ஆகிய நாடுகளில் தூதராக விளங்கி, 1997-ல் குடியரசுத் தலைவரானார். மற்றொருவர் குடகு நாட்டைச் சேர்ந்த சி. பி. முத்தம்மா. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். நாராயணன் சேர்ந்த அதே 1949-ல் அப்பணியில் நுழைந்த முதல் பெண்மணி அவரே. திருமணம் செய்துகொள்ளப் பெண் அதிகாரி மட்டும் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்றொரு விதி அக்காலத்தில் இருந்தது. திருமணத்திற்குப் பின் வேலையை விடச் சொல்லவும் அவ்விதி இடந்தந்தது. பதவி உயர்விலும் தமக்கு அநீதி இழைக்கப்பட்டதாக முத்தம்மா உச்சநீதிமன்றம் சென்றார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1979-ல் அளித்த தீர்ப்பு அவ்விதிகளைக் கடுமையாகச் சாடியது. இங்கே அமர்ந்திருக்கும் பெண் உறுப்பினர்கள் இச்செய்தியைத் தங்கள் ஊர்ப் பெண்களிடம் சொல்வார்களாக.

சேரும் வழி ஒளிவுமறைவற்றது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுதோறும் நடத்தும் குடிமைப்பணித் தேர்வு ஒன்றே ஆட்சிப்பணிக்கும், அயல்நாட்டுப் பணிக்கும், காவல்பணிக்கும் பொதுவாயில். எப்பாடமாயினும் பட்டம் பெற்றிருந்தால் போதும். வயது 21 முதல் 32 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு 35, பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 37. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய்; பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. முதனிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்முகத் தேர்வு என மூன்று படிகள். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். நேர்முகத் தேர்விலும் தமிழிற் பேசலாம். தமிழிலக்கியத்தை விருப்பப் பாடமாகக் கொள்ளலாம். ஆயினும் ஒன்றை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். முதனிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே அச்சாகிறது. தமிழ்வழியிற் படித்த நம் பிள்ளைகள் இடறி விழும் முதற்படி அதுவே. இது முறையன்று என்பது என் கருத்து. முறை மாறும் வரையில், எட்டாம் வகுப்பு முதலே பிள்ளைகள் நாள்தோறும் ஆங்கில நாளிதழில் ஒரு பத்தியேனும் படித்துப் பொருள் உணரப் பழகுவது நலம். மெட்ரிக் பள்ளிக்கு மாற்றினால்தான் இது ஆகும் என்பதில்லை.

அயல்நாட்டுப் பணிக்கு ஆண்டுக்குச் சில பத்துப் பேரே எடுக்கப்படுகின்றனர். தேர்வு பெற்றவர் முசூரியிலும், பின் டெல்லியிலுள்ள சுஷ்மா சுவராஜ் நிலையத்திலும் பயிற்சி பெற்று, அரபு, சீனம், உருசியம், பிரெஞ்சு போன்ற அயல்மொழி ஒன்றைக் கட்டாயமாகக் கற்க வேண்டும். அத்தனை உயரத்தை எட்டாதவர்க்கும் ஒரு வாயில் உண்டு. அதைப் பலர் அறியார். பணியாளர் தேர்வு ஆணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் தேர்வின் வழியே வெளியுறவு அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் ஆகலாம். சுருக்கெழுத்தாளர்களையும் அவ்வாணையமே தெரிவு செய்கிறது. இவர்களும் முறைவைத்து அயல்நாட்டுத் தூதரகங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். தட்டச்சுப் பயிற்சிக்குப் போகும் பெண்பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

இனிப் பாதுகாப்புப் பணிகள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை மக்கள் இராணுவப்பேட்டை என்றே அழைப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. அங்கே மண்ணில் தனி வீரம் விளைகிறதென்று நான் நம்பவில்லை. விடுமுறையில் வந்த சிற்றப்பன், எப்போது ஆள் எடுப்பார்கள், எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எந்தத் தாளைக் கொண்டு போக வேண்டும் என்று அண்ணன் மகனிடம் திண்ணையிலேயே சொல்லிவிடுகிறார். மற்ற ஊர்களில் அத்தகைய சிற்றப்பன் இல்லை. அவ்விடத்தை நிரப்ப வேண்டியவர்கள் நீங்கள்.

பத்தாம் வகுப்புத் தேறியவர்க்குத் திறந்திருக்கும் பெரிய வாயில், எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய ரிசர்வ் போலீஸ் படை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை முதலியவற்றின் காவலர் பதவி. சென்னை விமான நிலையத்தின் வாயிலில் நிற்பவர்கள் இக்கடைசிப் படையினரே. இப்படையின் பயிற்சி மையமொன்று அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இருக்கிறது. இத்தேர்வு முன்னர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே நடந்தது. 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 மாநில மொழிகளிலும் நடைபெறுகிறது. ஆண்களுக்கு உயரம் 170 சென்டிமீட்டர், பெண்களுக்கு 157. பழங்குடியினர்க்குச் சலுகை உண்டு. ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களில் ஓட வேண்டும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடங்களில் ஓட வேண்டும். வயல் வேலை செய்து பழகிய உடம்புக்கு இது மலையன்று. ஆனால் பழகாத உடம்பு ஒரு மாதத்திற் பழகிவிடாது.

நம் மாநிலக் காவல்துறைக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. இரண்டாம் நிலைக் காவலர்க்குப் பத்தாம் வகுப்பும், உதவி ஆய்வாளர்க்குப் பட்டமும் தகுதி. மத்திய உளவுத்துறையில் பாதுகாப்பு உதவியாளர் என்றொரு பதவி இருக்கிறது; பத்தாம் வகுப்புடன் உள்ளூர் மொழியறிவும் அதற்குத் தகுதியாகும். தமிழைத் தகுதியாகக் கேட்கும் டெல்லி வேலை இருக்கிறதென்று சொன்னால் நம் ஊரில் எத்தனை பேர் நம்புவர்?

தரைப்படைக்குச் சாதாரண வீரராகச் சேர்வோர் இப்போது 2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தின்கீழ்ச் சேர்கின்றனர். பதினேழரை வயதில் தொடங்கலாம்; மேல்வரம்பை அவ்வாண்டு அறிவிப்பிற் பார்த்துக்கொள்க. பணிக்காலம் நான்காண்டு. அதன்பின் நால்வரில் ஒருவர் வரையிலேயே நிலையான பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவர். ஏனையோர்க்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய் ஒரே தொகையாகக் கிடைக்கும், ஓய்வூதியம் கிடையாது. இதனை நல்லதென்றோ தீயதென்றோ தீர்ப்பளிக்க நான் வரவில்லை. "பட்டாளத்து வேலை, ஆயுள் முழுதும் பென்ஷன்" என்ற பழைய கணக்கில் மகனை அனுப்பிவிட்டு, இருபத்திரண்டு வயதில் அவன் திரும்பி வந்து நிற்கும்போது திகைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அத்தொகையையும் அந்த நான்காண்டு ஒழுங்கையும் கொண்டு என்ன செய்வதென்பதைப் புறப்படுமுன்னரே வீட்டிற் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அதிகாரி நிலைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வு எழுதலாம். பதினாறரை முதல் பத்தொன்பதரை வயது வரை. 2022 முதல் பெண்களும் அங்கே பயில்கின்றனர். முதல் அணியினர் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளிவந்தனர். பட்டம் பெற்றவர்கள் சென்னைப் பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திற்கு வரலாம். இதற்கெல்லாம் விதை பத்து வயதிலேயே ஊன்றப்படுகிறது. உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகர் சைனிக் பள்ளி 1962 முதல் இயங்கி வருகிறது. ஆறாம் வகுப்பிற் சேர்வதற்கான நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், பெண்பிள்ளைகளும் சேரலாம்.

இத்தனை வாயில்கள் திறந்திருந்தும் நம் பிள்ளைகள் உள்ளே செல்லாமற் போவதேன்? டெல்லியிலும் சென்னையிலும் கதவை மூடுகிறார்கள் என்று நாம் குறை கூறுகிறோம். என் அனுபவத்தில், கதவு பெரும்பாலும் நம் ஊரிலேயே மூடப்படுகிறது.

முதலாவது, தாள். பள்ளியிற் சேர்க்கும்போது ஒரு பிறந்த தேதி, பிறப்புப் பதிவேட்டில் வேறொன்று, ஆதாரில் மூன்றாவதொன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சான பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. ஆகவே ஒன்பதாம் வகுப்புக்கு முன்னரே சரிபார்த்தல் வேண்டும். சாதிச் சான்றிதழிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மாநில அரசு வேலைக்குத் தரப்படும் பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழை மத்திய அரசு வேலைக்கு ஏற்கமாட்டார்கள். மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவினர் அல்லர் என்ற குறிப்புடன், தனியே பெற வேண்டும். அதற்கான 8 லட்ச ரூபாய் வருமான வரம்பில் விவசாய வருமானம் சேர்க்கப்படுவதில்லை. நீர்ப்பாசன நிலம் மிகுதியாக உடையோர்க்கு மட்டும் வேறு அளவுகோல் உண்டு. இது தெரியாமல், "நமக்குக் கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே விட்ட உழவர் வீடுகள் பல. தமிழ்வழியிற் படித்தோர்க்கு மாநிலப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பத்தாம் வகுப்பு தகுதியாயின், முதல் வகுப்பிலிருந்தே தமிழிற் படித்ததற்குப் படித்த பள்ளி ஒவ்வொன்றிலும் சான்று பெற வேண்டும். இடையில் மூடப்பட்ட பள்ளி ஒன்று இருந்துவிட்டால் அலைச்சல் சொல்லி முடியாது. அறிவிப்பு வந்த பின் அலைவதைவிடக் கோடை விடுமுறையிலேயே வாங்கி வைப்பது அறிவுடைமை.

இரண்டாவது, தரகர். நூறு ரூபாய்க் கட்டணமுள்ள தேர்வுக்கு ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று கேட்கும் ஒருவன் வருகிறான்; முத்திரை குத்திய ஆணையும் காட்டுகிறான். நன்செய் அடமானம் போகிறது. இத்தேர்வுகளில் எதிலும் இடையில் ஓர் ஆளுக்கு இடமில்லை என்பதைக் கிராம சபையிற் பலமுறை சொல்லுங்கள். அயல்நாட்டு வேலைக்கும் இது பொருந்தும். வெளியுறவு அமைச்சகத்திற் பதிவு பெற்ற முகவர், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர வேறு வாங்கக் கூடாது. பதிவு உண்டா இல்லையா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் இ-சேவை மையத்திலேயே பார்த்துவிடலாம். குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது. கணினியில் பதிவு செய்யும் வேலையென்று சொல்லி அழைத்துச் சென்று, மியான்மரிலும் கம்போடியாவிலும் இணையவழி மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இந்திய இளைஞர்களை நம் தூதரகங்கள் மீட்டுக்கொண்டு வந்துள்ளன. அவர்களிற் பலர் படித்தவர்கள்.

மூன்றாவதைச் சொல்ல எனக்குச் சற்றுத் தயக்கம். சொல்லாவிட்டால் இவ்வளவு பேசியும் பயனில்லை. அது நம் ஊர்ச் சண்டை. திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, வரப்பை ஓர் அடி தள்ளியது யார், முறைத்தண்ணீரை இரவில் திருப்பியது யார் என்று பெரியவர்களுக்குள் மூளும் தகராறு, காவல் நிலையத்திற்குப் போகிறது. புகார் எழுதும்போது எதிர்வீட்டிற் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் பெயரைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். கிழவர் பெயரைச் சேர்த்தால் அவருக்கு என்ன போய்விடும்? பிள்ளையின் பெயரைச் சேர்த்தால்தான் அந்த வீடு பணியும் என்பது கணக்கு. இக்கணக்குப் போடத் தெரியாத ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

இதன் விளைவைக் கேளுங்கள். நான் சொன்ன பணிகள் ஒவ்வொன்றிலும், தெரிவானவரின் நடத்தையும் முன்வரலாறும் காவல்துறையால் விசாரிக்கப்படும். வழக்கொன்று நிலுவையில் இருந்தால் ஆணை கிடைக்காமற் போகலாம். நம் மாநிலக் காவலர் தெரிவுக்கான விதியில், ஐயத்தின் பயனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். அஞ்சி, விண்ணப்பத்தில் "வழக்கு எதுவும் இல்லை" என்று எழுதினாலோ, மறைத்த குற்றம் தனியே சேர்ந்துகொள்ளும். உள்ளதை உள்ளபடி எழுதுவதே அப்போதும் சிறந்தது.

முன்பு நான் பணிபுரிந்த வட்டாரமொன்றில் ஒரு வாலிபர் எழுத்துத் தேர்விலும் உடற்திறன் தேர்விலும் தேறியிருந்தார். வாய்க்கால் தகராறில் பதினோராவது பெயராக அவர் பெயர் எழுதப்பட்டிருந்தது. தகராறு நடந்த நேரத்தில் அவர் கல்லூரியில் இருந்தார். வருகைப் பதிவேடே சாட்சி. ஆயினும் வழக்கு முடிய மூன்றாண்டு ஆயிற்று. சண்டையிட்ட இரு வீட்டாரும் அதற்குள் சம்பந்தம் பேசி உறவாகிவிட்டனர். அந்த வாலிபருக்கு வயது கடந்துவிட்டது. இன்று அவர் அதே வாய்க்கால் தண்ணீரில் நாற்று நடுகிறார். உழவு இழிவன்று, அவர் உழவராக விரும்பவில்லை என்பதே துயரம்.

குற்றம் செய்தவனை மறைத்துவிடுங்கள் என்று நான் கூறவில்லை. கொடுமை இழைத்தவன் படித்தவனாயினும் சட்டத்தின்முன் நிற்க வேண்டியவனே. சாதியின் பெயரால் நிகழும் வன்முறைக்கு இதைச் சாக்காக எவரும் கொள்ளலாகாது. சம்பந்தமில்லாத பிள்ளையின் பெயரை எழுதும் கையைத் தடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். புகாரோடு நிலையத்திற்குச் செல்பவர்கள் பெரும்பாலும் உங்களிற் ஒருவரை உடனழைத்துக்கொண்டே செல்கின்றனர். அந்த நேரத்தில், "இவன் அங்கே இருந்தானா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

உங்கள் கையில் வேறு சில காரியங்களும் உள. அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 தொடங்கி ஊராட்சிதோறும் நூலகங்கள் கட்டப்பட்டன. அவற்றுட் பல இன்று விதைமூட்டை வைக்கும் அறைகளாகிவிட்டதை நான் நேரிற் கண்டேன். மாலை ஐந்து முதல் ஒன்பது வரை விளக்கெரியும் ஓர் அறை, நான்கு பெஞ்சு, ஒரு நாளிதழ், பழைய வினாத்தாள்கள்; தொடக்கத்திற்கு இவை போதும். ஓடுவதற்கு ஏரிக்கரை இருக்கிறது. 400 மீட்டருக்கு ஒரு கல் நட்டு அளந்து கொடுத்தால் போதுமானது. பெண்பிள்ளைகள் அதிகாலையில் ஓட அஞ்சுவதால், அவ்வழியில் தெருவிளக்கு எரிகிறதா என்பதைப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறது. குடிமைப்பணித் தேர்வுக்குச் சென்னையில் அரசின் பயிற்சி மையம் பல்லாண்டுகளாக இயங்குகிறது. முதனிலைத் தேர்வுக்குப் படிப்போர்க்கு மாதம் 7,500 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டமொன்று 2023-ல் நான் முதல்வன் திட்டத்தின்கீழ்த் தொடங்கப்பட்டது. இவ்வாண்டு விவரத்தை வேலைவாய்ப்பு அலுவலகத்திற் கேட்டறியலாம்.

மாதந்தோறும் முதல் வாரத்தில், எந்தத் தேர்வுக்கு எந்த நாள் கடைசி நாள் என்ற தாளொன்று நம் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஊராட்சிச் செயலர் வழியே உங்களுக்கு வந்துசேரும். அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவதைவிட நியாயவிலைக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். தாய்மார்கள் வரிசையில் நிற்கும் இடம் அது. அடுத்த கிராம சபையில் நூலகத்தைத் திறக்கும் நேரத்தைத் தீர்மானமாக எழுதி எனக்கு அனுப்புங்கள். தீர்மானம் எழுதுமுன், சாவி யாரிடம் இருக்கிறதென்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.